சல்லடை டாக்டரின் முகம்

டாக்டர் நினியன் கார்ஃப்ரே காலமாகி இரண்டு வருஷம் கழித்து, ஒரு மார்ச் மாதக் காலையில், மறுபடியும் தன் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். இந்த முறை தன் காலால் ஏறவில்லை. புத்தகக்கடைக்காரர் ட்வீடியின் கக்கத்தில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே, மை வாசனையோடு வந்தார்.

எடின்பரோவில் படி ஏறாமல் யாரும் யாரையும் பார்த்துவிட முடியாது. வசதியுள்ளவர்கள் நடுமாடியில், இல்லாதவர்கள் உச்சியிலும் அடியிலும் என்று ஒரே கட்டிடத்துக்குள் ஊரையே அடுக்கி வைத்திருந்த காலம் அது. அந்த அடுக்கும் அப்போது கலைந்துகொண்டிருந்தது. வக்கீல்களும் நீதிபதிகளும் பாலத்தைத் தாண்டிப் புதுநகரத்துக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள். அங்கே வீடுகள் விசாலம், தெருக்கள் நேர்கோடு, பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால்கூடக் கேட்காதாம். பக்கத்து வீட்டுத் தும்மல் கேட்காத இடத்தில் மனுஷன் எப்படி இருப்பான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

டாக்டரின் மனைவி கிரிசெல் இடம் பெயரவில்லை. கேட்பவர்களிடம் மூட்டுவலி, சாமான் ஏற்றுவது கஷ்டம் என்று எதையாவது சொல்லி வைப்பாள். உண்மைக் காரணம் அந்தப் படிக்கட்டுதான். அவர் ஏறிவரும் சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது. கீழே தையல்காரனிடம் நின்று முதுகுவலி விசாரிப்பார். அடுத்த திருப்பத்தில் வக்கீல் வீட்டுச் சமையல்காரியிடம் இன்று என்ன கொதிக்கிறது என்று கேட்பார். வாசலுக்கு வந்து சேர்வதற்குள் இங்கே பார்லி சூப் ஆறி, மேலே ஆடை கட்டியிருக்கும். காது அவரை மறக்கவில்லை. கண்தான் மறக்க ஆரம்பித்திருந்தது.

அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்த பயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தின புருஷனின் முகம் மறக்குமா? மறந்துகொண்டு வருகிறதே! கண்ணை மூடினால் நெற்றி வரும், மூக்கு வரும், கன்னத்துக்கு வருவதற்குள் நெற்றி கலைந்துவிடும். வீட்டில் ஒரு படம் கிடையாது. டாக்டர் எந்த ஓவியன் முன்னாலும் உட்கார மாட்டார். “உட்கார்ந்தா தூங்கிடுவேன். தூங்குமூஞ்சியை யார் சுவத்துல மாட்டுவா?” என்று ஏதாவது சொல்லி நழுவிவிடுவார். பொறுமை கெட்ட மனுஷன் என்று இவளும் விட்டுவிட்டாள். இப்போது அதை நினைத்து நினைத்து வயிறு எரிந்தது.

ட்வீடி கொண்டுவந்த படம் அதனால் அவளுக்கு வெறும் படம் அல்ல. டாக்டர் அந்தக் காலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைகளுக்கு அம்மை குத்திக்கொள்ளப் பயந்த தாய்மார்களுக்காக, லத்தீன் கலக்காமல், சமையல்கட்டில் பேசுகிற மாதிரி எழுதின புத்தகம். மற்ற டாக்டர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. தொழில் ரகசியத்தைச் சந்தையில் கொட்டிவிட்டான் என்று வைதார்கள். அவர்கள் வைய வைய அது விற்றது. இப்போது புதுப் பதிப்பில், தலைப்புப் பக்கத்துக்கு எதிரே, ஆசிரியரின் முகம் வேண்டும் என்று ட்வீடிக்கு ஆசை. செம்புத் தகட்டில் படம் செதுக்கும் மீக்கிளிடம் ஒரு பழைய சுண்ணக்கட்டிக் கிறுக்கல் இருந்தது. டாக்டரும் கூட்டாளிகளும் வாரா வாரம் கூடிச் சிப்பி தின்று கூத்தடிக்கிற நிலவறைக் கடையில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அவருக்குத் தெரியாமல் வரைந்தது. அதை வைத்துத்தான் தகடு தயாரானது. முதல் மாதிரி அச்சு எடுத்ததும், டாக்டர் மனைவி பார்த்துச் சரி என்றால்தான் மேற்கொண்டு போவது என்று பேச்சு.

“கை ஈரம் இல்லையே டாக்டரம்மா? மை இன்னும் சரியா காயல” என்று சொல்லி ட்வீடி அட்டையைப் பிரித்தார்.

கிரிசெல் அதை ஜன்னல் பக்கம் எடுத்துக்கொண்டு போனாள். நெற்றியைப் பார்த்தாள். அவர்தான். ஏதோ கேட்கப் போகிறவர் மாதிரி ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. அவரேதான். மெல்லக் கண்ணைக் கீழே இறக்கினாள். கன்னம் முழுக்கப் பொடிப் பொடியாகக் கறுப்புக் குழிகள்.

“இது என்ன ட்வீடி?”

“எது டாக்டரம்மா?”

“இதுதான், கன்னம் பூரா. தகட்டை அமிலம் தின்னிருக்கு. நல்லா பார்த்தீங்களா இல்லையா?”

போன மாதம் அவள் மீக்கிளின் பட்டறைக்கே போய் வேலையைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, அமிலத்தில் வைத்தால் குத்தின இடத்தை மட்டும் அரிக்கும், மெழுகு மெலிந்து போன இடமாக இருந்தால் குத்தாமலே அரித்துத் தகடு பாழாகும் என்று மீக்கிள் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு தொழிலை ஒரு மத்தியானம் வேடிக்கை பார்த்தவர்களுக்கு வருகிற தைரியம், அதையே பண்ணிப் பிழைக்கிறவனுக்குக்கூட வராது.

ட்வீடி வாயைத் திறந்தார். மூடினார். கணப்பு ஓரமாகக் காலுறை பின்னிக்கொண்டிருந்த எஃபியைப் பார்த்தார். எஃபி டாக்டரின் அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். தம்பி வீட்டோடு வந்து தங்கி, தம்பி போன பிறகும் நாத்தனார் உத்தியோகத்தை ஒரு நாளும் விடாதவள்.

“என்னை எதுக்குப் பார்க்கறீங்க? நான் ஒண்ணும் அமிலம் ஊத்தல” என்றாள் எஃபி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ட்வீடி வியாபாரி. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, வாங்குகிறவர்களுக்கும் மழமழப்பான முகம்தானே பிடிக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். “அதுக்கென்ன டாக்டரம்மா! மீக்கிள்கிட்டச் சொல்லித் தேய்ச்சுச் சரிபண்ணிடலாம். வெண்ணெய் மாதிரி ஆயிடும்” என்று சொல்லிவிட்டு, அந்த முதல் அச்சை அவளிடமே விட்டு, வந்ததைவிட வேகமாகப் படி இறங்கினார்.

கதவு சாத்தியதும் எஃபி பின்னலை மடியில் போட்டாள்.

“அமிலமாம், அமிலம்! அடியே கிரிசெல், அவனுக்கு அம்மை போட்ட மூஞ்சிடீ. சின்ன வயசுல போட்டது. ஊருக்கே தெரியும்.”

கிரிசெல் சிரித்தாள். “யாருக்கு? டாக்டருக்கா? அக்கா, உங்களுக்குக் கண்ணு சுத்தமா போயிடுச்சு.”

“கண்ணு எனக்கா போச்சு?”

“சரி, ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும். யாருக்குத்தான் இல்ல?”

“ஒண்ணு ரெண்டா! ஓட்ஸ் கஞ்சி கொதிக்கிறப்ப மேல பொக்கு பொக்குன்னு வெடிக்குமே, அந்த மாதிரி இருந்துச்சு. அவன் மூஞ்சியைத் தினம் பார்த்தவ, பேசறா பாரு பேச்சு!”

கிரிசெல் படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எஃபி சொல்லிக் கேட்ட நல்ல வார்த்தையை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். சூப்பில் உப்பு போதாது, திரைச்சீலை கோணல், தம்பி இளைத்துவிட்டான். இப்போது தம்பி முகத்திலும் குறை. செத்த பிறகாவது அந்த மனுஷனை விடக்கூடாதா என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் நியூஹேவன் குப்பத்து மீன்காரி மேஸி, நெற்றியில் மாட்டின பட்டையில் முதுகுப்பக்கம் கூடை தொங்க, புஸ் புஸ் என்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தாள். அவளுடைய பிள்ளைகள் எல்லோருக்கும் டாக்டர்தான் அம்மை குத்தினார், கூலிக்கு மீன் வாங்கிக்கொண்டு. தனக்கு ஒரு சாட்சி கிடைத்தாள் என்று கிரிசெல் படத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கே ஓடினாள்.

“மேஸி, இதைப் பார்த்துச் சொல்லு. இதுல என்ன தப்பு?”

மேஸி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அடடடா! நம்ம டாக்டரு! தப்புன்னா... வாய் மூடியிருக்கு, அதான் தப்பு. அவரு வாய் எப்போ மூடியிருந்துச்சு? மத்தபடி அச்சு அசல் நம்ம சல்லடை டாக்டரு!”

“கன்னத்தைப் பாரு.”

“பார்த்தேனே. அதான் சொன்னேன், சல்லடை.”

சல்லடை டாக்டர் என்ற பேர் ஊரில் உண்டு என்பது கிரிசெல்லுக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே கேள்விப்பட்டு, ஏன் அந்தப் பேர் என்று அவரிடமே கேட்டிருக்கிறாள்.

“நோயாளிங்க சொல்றதை எல்லாம் சலிச்சு, பொய்யைத் தள்ளிட்டு நிஜத்தை எடுப்பாரு. அதனால வந்த பேரு அது” என்றாள்.

“யாரு சொன்னா?”

“அவரேதான் சொன்னாரு.”

மேஸி சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்த மீன்கள் எல்லாம் குலுங்கின. “அவரா சொன்னாரு? சொல்லுவாரு, சொல்லுவாரு! நல்லா சலிச்சாரு போங்க உங்களை!”

அன்று கிரிசெல் மீன் வாங்கவில்லை. மத்தியானம் முட்டைக்கோஸ் சூப்பும் ஓட்ஸ் ரொட்டியும்தான். எஃபி ரொட்டியை சூப்பில் நனைத்து நனைத்துத் தின்றபடி, “ஊரோட எல்லாம் சண்டை போட்டா மீன் எப்படி வீடு ஏறும்?” என்றாள். கிரிசெல் அப்போதும் இறங்கி வரவில்லை. ஒரு மீன்காரி, ஒரு நாத்தனார், இரண்டும் ஊர் வம்பு. தனக்குத் தெரியாதா? தினமும் விடிந்து எழுந்ததும் முதலில் பார்த்தது அந்த முகத்தைத்தானே!

சனிக்கிழமை ட்வீடி இரண்டாவது அச்சோடு வந்தார். இந்தத் தடவை எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழி ஒன்றுகூட இல்லை. கன்னம் இரண்டும் சீனப் பீங்கான் மாதிரி மின்னின. புதுநகரத்தில் விருந்துக்குப் போகக் கிளம்பின கனவான் ஒருவர் மரியாதையாக இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி?” என்றார் ட்வீடி, பாராட்டுக்குக் கையேந்திக்கொண்டு.

“நல்லா இருக்கு” என்றாள் கிரிசெல். அப்படிச் சொன்ன பிறகு வேறு எதையும் சொல்லத் தோன்றவில்லை. திங்கட்கிழமை அடியில் பேர் செதுக்கி, அன்று மத்தியானமே அச்சுக்கு ஏற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டு ட்வீடி சந்தோஷமாகப் போனார். 

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. கிரிசெல் வழக்கம்போலக் கண்ணை மூடி அவரை வரவழைத்துப் பார்த்தாள். இத்தனை நாள் நெற்றி வந்தால் மூக்கு வராது, மூக்கு வந்தால் கன்னம் வராது என்று துண்டு துண்டாகவாவது வந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு சிரமமும் இல்லாமல் முழு முகமும் பளிச்சென்று வந்து நின்றது. வந்தது அந்தப் பீங்கான் கனவான். அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். மறுபடி மூடினாள். மறுபடியும் அவனே. தன் வீட்டுக் கதவைத் திறந்தால், உள்ளே நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவன் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து சால்வையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள். எஃபி முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. சாவு வீட்டில்கூட இரண்டு பேரும் ஒருவர் முன்னால் ஒருவர் அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தவர்கள்.

“போயிட்டாரு அக்கா” என்றாள். “இருந்த கொஞ்சநஞ்சமும் போயிடுச்சு. கண்ணை மூடினா வேற யாரோ வர்றான். நானே சொல்லி, நானே தேய்க்க வச்சு, நானே துரத்திட்டேன்.”

எஃபி கணப்பைக் கிளறிவிட்டாள். கிழவிக்கு இரக்கம் காட்டிப் பழக்கமில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், கடைசியில் திட்டுகிற குரலிலேயே ஆரம்பித்தாள்.

“அவனும் எங்க சின்னவன் சாண்டியும் ஒரே படுக்கையில கிடந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல அம்மை. சொறியக் கூடாதுன்னு நான்தான் ரெண்டு பேர் கையிலயும் காலுறையை மாட்டிக் கட்டினேன். சாண்டி போயிட்டான். இவன் எழுந்தான். இவன் பார்த்துடக் கூடாதுன்னு எங்கம்மா, வீட்டுல இருந்த கண்ணாடியைச் சுவத்துப் பக்கமா திருப்பி வச்சா. அந்தப் புத்தகத்தை எவனுக்காக எழுதினான்னு நினைச்சே? ஊருக்காகவா? சாண்டிக்காக.”

கிரிசெல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். சாண்டி பேரை அவர் சொல்லியிருக்கிறார். ஒரே படுக்கை என்று சொன்னதில்லை.

“வளர்ந்தப்புறம் பார்த்தியானா, இவன்கிட்டப் பேசறவங்க எல்லாம் தோளைப் பார்த்துத்தான் பேசுவாங்க. இல்ல, தொப்பியைப் பார்ப்பாங்க. பொம்பளைப் புள்ளைங்க ஜன்னலைப் பார்க்கும். பழகிட்டான். அப்புறம் ஒரு நாள் எங்கேயோ டீக்குப் போயிட்டு வந்து, படியிலேயே சிரிச்சுக்கிட்டு வர்றான். ‘எஃபி, இன்னிக்கு ஒருத்தி நேரா என் மூஞ்சியைப் பார்த்துக் கேள்வி கேட்டா’ன்னான்.”

“யாரு?”

“யாரா? நீதான்டீ! எதிர்ல உட்கார்ந்து, டீயைக்கூடக் குடிக்காம உத்து உத்துப் பார்த்துட்டு, ‘சவரம் பண்றப்ப கத்தி மாட்டாதா?’ன்னு கேட்டியாம். கூட இருந்தவங்களுக்கு எல்லாம் உசுரே போயிடுச்சாம். இவன் மட்டும், ‘மாட்டும். அதுக்குத்தான் ஒரு நிதானமான கை தேடிக்கிட்டிருக்கேன்’னு சொன்னானாம்.”

கிரிசெல்லுக்குத் தான் அப்படிக் கேட்டது ஞாபகம் இல்லை. அந்தப் பதில் ஞாபகம் இருந்தது. எதற்கு வந்த பதில் என்பதை மட்டும் இத்தனை வருஷமாகத் தொலைத்திருந்தாள்.

“அது வரைக்கும் நான்தான் அவனுக்குச் சவரம் பண்ணிவிடுவேன்” என்றாள் எஃபி. “நாவிதன்கிட்டப் போனா ரத்தக் களறி பண்ணிடுவான். நீ வந்த மறுநாள் காலையில, கத்தியை என் கையிலேருந்து வாங்கிக்கிட்டே. ‘குடுங்க அக்கா, நான் பார்த்துக்கறேன்’னு. அன்னியிலேருந்து எனக்கு உன்னைப் பிடிக்கல. இப்பவும் ஒண்ணும் பெருசா பிடிக்கல. அழாதே.”

அழுகை ஏற்கனவே நின்றிருந்தது. கிரிசெல் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் தானாக அசைந்து, இல்லாத ஒரு தோலை மேல்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் இந்த ஜன்னல் ஓரம், வெந்நீர், சோப்பு நுரை. வெளியார் முன்னால் அவரை ‘டாக்டர்’ என்றே சொல்வாள். பேர் சொல்லிக் கூப்பிட்டதெல்லாம் அந்த நேரத்தில்தான். அவர் ஓயாமல் பேசுவார், இவள் அதட்டுவாள். நுரைக்கு அடியில் என்ன இருந்தது என்று கண் பார்க்கவே இல்லை. கைதான் பார்த்தது. எங்கே கத்தியைத் தூக்க வேண்டும், எங்கே படுக்க வைக்க வேண்டும் என்று கை பார்த்துக்கொண்ட பிறகு, கண்ணுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை, தொப்பி வைத்துக்கொள்ள மறந்து, சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, மழையில் அவள் மீக்கிளின் பட்டறைக்குள் நுழைந்தாள். ட்வீடியும் அங்கேதான் இருந்தார். தகடு தோல் திண்டின் மேல் கிடந்தது. மீக்கிள் அடியில் ‘நினியன்’ என்று செதுக்கி முடித்து, அடுத்த எழுத்துக்கு உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க. அந்தக் குழியெல்லாம் திரும்ப வேணும்” என்றாள்.

“டாக்டரம்மா!” ட்வீடி தலையில் கை வைத்துக்கொண்டார். “நீங்கதானே வேணாம்னீங்க? இன்னிக்கு மத்தியானம் அச்சு!”

“நான்தான் வேணாம்னேன். நான்தான் இப்போ வேணும்கறேன்.”

மீக்கிளுக்கு முகத்தில் சிரிப்பு தாங்கவில்லை. சங்கோஜப் பேர்வழி. அந்த மனுஷனின் முகத்தைத் தேய்த்து மழுக்கும்போது ஒரு வார்த்தை பேசாமல் செய்தார், செய்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “பண்ணிடலாம் அம்மா. முதல் அச்சு கையில இருக்கில்ல? அதைப் பார்த்து அப்படியே குத்திடறேன்” என்றார்.

கிரிசெல் சால்வைக்குள்ளிருந்து முதல் அச்சை எடுத்து நீட்டினாள். நீட்டின கையை அப்படியே நிறுத்தி, படத்தை உற்றுப் பார்த்தாள்.

“இல்ல. இதுவும் அவர் இல்ல.”

“ஐயோ கடவுளே!” என்றார் ட்வீடி.

“மிஸ்டர் மீக்கிள், உண்மையைச் சொல்லுங்க. இதையெல்லாம் அவரைப் பார்த்துப் பண்ணினீங்களா, சும்மா தூவினீங்களா?”

மீக்கிள் காது வரை சிவந்தார். “தூவினதுதான் அம்மா. அந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்துல இருக்குன்னு தெரிஞ்சுதே தவிர, எங்கெங்கன்னு தெரியல. உப்புப் போடற மாதிரி ஒரே சீரா போட்டுட்டேன்.”

“அதான்” என்றாள் கிரிசெல். அமிலம் என்று சண்டை போட்டது முட்டாள்தனம்தான். ஆனால் கை எதையோ வேண்டாம் என்று தள்ளியது முட்டாள்தனம் இல்லை என்று அவளுக்கு இப்போது புரிந்தது. “எனக்கு எங்கெங்கன்னு தெரியும். வாயால சொல்ல வராது. ஒரு மூஞ்சி வேணும்.”

மீக்கிளைப் பார்த்தாள். அவர் குறித்துக்கொள்ள வேண்டியவர். இன்னொரு முகம்தான் பாக்கி.

“நானா?” என்றார் ட்வீடி.

“உட்காருங்க.”

ஊரிலேயே பெரிய புத்தகக்கடையின் முதலாளி, மை படிந்த முக்காலியில், கழுத்தில் ஒரு அழுக்குத் துண்டோடு உட்கார வைக்கப்பட்டார். கிரிசெல் மேஜையிலிருந்து காகிதம் மடிக்கும் எலும்புக் கத்தியை எடுத்துக்கொண்டாள். அவர் மோவாயை ஒரு விரலால் நிமிர்த்தினாள். இடது கட்டைவிரலால் காதுக்கு முன்னால் தோலை இழுத்துப் பிடித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

எலும்புக் கத்தி கன்னத்தில் இறங்கியது. கொஞ்ச தூரம் போய், ஒரு இடத்தில் துளி மேலே எழும்பி, மறுபடி இறங்கியது. அது எழும்பின இடத்தில் மீக்கிள் இறகுப் பேனாவால் ஒரு மைப்புள்ளி வைத்தார். மறுபடி எழும்பியது. இன்னொரு புள்ளி.

“இங்க மூணு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு” என்றாள் கிரிசெல். “இது பக்கத்துல ஒண்ணும் கிடையாது, சுத்தமா இருக்கும்... இங்க ஒண்ணு. இது ஆழம். கத்தியைப் படுக்க வைக்கணும், இல்லாட்டி ரத்தம் வந்துடும்.”

மீக்கிள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். கன்னத்தில் கூட்டமாக, தாடை ஓரத்தில் சிதறலாக, ஒரு ஒழுங்கும் இல்லாமல் புள்ளிகள் சேர்ந்துகொண்டே வந்தன. அந்த ஒழுங்கில்லாததைப் பார்க்கப் பார்க்க மீக்கிளுக்கு உடம்பு சிலிர்த்தது. சிப்பிக் கடையில் எதிரே உட்கார்ந்து சிரித்த முகம் அதுதான். ட்வீடியின் மூக்கும் ட்வீடியின் தொங்கு கன்னமும் இருந்தும், அவர்தான் வந்துகொண்டிருந்தார்.

கிரிசெல்லின் குரல் தணிந்துவிட்டது. இப்போது அவள் புள்ளிகளைச் சொல்லவில்லை. தையல்காரன் மறுபடியும் விறகைப் படியிலேயே போட்டிருக்கிறான் என்றாள். அக்காவுக்குக் காலையிலேயே கோபம், சூப் ஆறினால் நான் பொறுப்பில்லை என்றாள். கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மழை ஜன்னலில் அடித்தது. மூடின கண்ணிமைக்குள் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, முகத்தில் வயசே தெரியவில்லை.

கத்தி மோவாயைச் சுற்றி வந்து ஒரு நொடி நின்றது. ட்வீடி, முடிந்துவிட்டது என்று நினைத்து, மெதுவாக வாயைத் திறந்தார். “டாக்டரம்மா, நான் எழுந்—”

“ஸ்ஸ். பேசாதே நினியன்” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். “இன்னும் மேலுதடு பாக்கி இருக்கு.”

மீக்கிள் ட்வீடியைப் பார்த்தார். ட்வீடி உதட்டை உள்ளே மடித்து, மேலுதட்டை வாகாக நீட்டிக் கொடுத்தார்.